பழைய ஆர்கனுக்கு 'டிங்' வைத்த கதை! ஆழ்வார்குறிச்சி கரண்டில் போட்டால் என்ன ஆகும்?

ஆழ்வார்குறிச்சி:

நெல்லையப்பர் கோவில் மணி மண்டபத்து இசைத் தூண்கள் ஊரறிந்த அதிசயம். கல்லைத் தட்டினால் சுரம் பிறக்கும். பிறந்த சுரம் சட்டென்று தேய்ந்து மறையும்.

நாதசுரம் அப்படியா? இல்லை. மூச்சு உள்ள மட்டும் முழங்கும். நம்ம பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் ஊதினால் ஒரே சுரம் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

தட்டினால் வரும் நாதம் ஒரு ரகம். ஊதினால் வரும் நாதம் வேறு ரகம்.

இந்த இரண்டையும் ஒரே விரலில், ஒரே கட்டையில் கொண்டு வர முடியுமா? முடியும் என்று 1955-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி செய்து காட்டியது. அதுதான் ஹம்மண்ட் மின்சார ஆர்கனின் 'பெர்கஷன்'. விரல் பட்டவுடன் 'டிங்' என்று ஒரு தட்டு. அதன் பின்னால் நீளமான நாதம்.

அதற்கு முந்தின வருஷம் வரை அதே கம்பெனியிடம் ஆர்கன் வாங்கியவர்கள் கதி? அவர்கள் ஆர்கனில் 'டிங்' கிடையாது! புதுசு வாங்கப் பணமும் கிடையாது. அப்போது கை கொடுத்தது வெளிக் கடையில் கிடைத்த ஒரு சின்னப் பெட்டி.

எங்கேயோ அமெரிக்காவில் நடந்த இந்தக் கதைக்கும் தாமிரபரணிக் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கரண்டு!

கடிகாரக்காரர் செய்த வாத்தியம்

லாரன்ஸ் ஹம்மண்ட் என்பவர் பாட்டு வாத்தியார் அல்ல. வாசிக்கவும் தெரியாது. அவர் கடிகாரக்காரர். 1928-ல் சிகாகோவில் கடிகாரக் கம்பெனி ஆரம்பித்தார். கரண்டின் துடிப்போடு ஒட்டி ஓடும் மோட்டார் அவர் கைவசம் இருந்தது. கரண்டு துடிக்கிற கணக்கில் மோட்டார் சுற்றும். மோட்டார் சுற்றுகிற கணக்கில் முள் நகரும்.

அமெரிக்காவில் பெரும் பொருளாதார முடக்கம் வந்தது. கடிகாரம் விற்கவில்லை. சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் போடும் மேஜை கூடச் செய்து பார்த்தார் மனிதர். அதுவும் நிலைக்கவில்லை.

கடைசியில் அதே மோட்டாரைக் கொண்டு வாத்தியம் செய்தார். 1934-ல் காப்புரிமை வாங்கினார். 1935-ல் ஆர்கன் கடைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? வரிசையாகச் சின்னச் சின்னப் பல் சக்கரங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காந்தம், அதில் கம்பிச் சுருள். சக்கரம் சுற்றும்போது பல் ஒவ்வொன்றாகக் காந்தத்தைக் கடக்கும். கம்பியில் சின்ன மின்சார அலை கிளம்பும். அந்த அலைதான் சுரம். பின்னால் வந்த புகழ்பெற்ற 'பி-3' மாடலில் இப்படி 91 சக்கரங்கள். இரண்டு வரிசையாக வரிசைக்கு 61 கட்டைகள். பெஞ்சு, கால் கட்டை எல்லாம் சேர்த்தால் எடை சுமார் 190 கிலோ! நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் இதை வாங்கின. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இது குடும்ப உறுப்பினர் மாதிரி ஆகிவிட்டது.

விளம்பரத்தால் வந்த வில்லங்கம்

வியாபாரம் சூடு பிடித்ததும் புகார் வந்தது. "குழாய் ஆர்கனில் வருகிற நாதம் எல்லாம் எங்கள் பெட்டியிலும் வரும். 25 கோடியே 30 லட்சம் விதமான நாதம் வரும்" என்ற பாணியில் கம்பெனி விளம்பரம் செய்தது. குழாய் ஆர்கன் செய்பவர்கள் கொதித்தார்கள். அமெரிக்க மத்திய வாணிப ஆணையம் விசாரணையில் இறங்கியது.

விசாரணைக்காக ஒரு பலப்பரீட்சை! 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் குழாய் ஆர்கனையும் ஹம்மண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். எது எது என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். பல தடவை தப்பாகவே சொன்னார்கள்.

ஆனாலும் 1938-ல் ஆணையம் கம்பெனியைக் கண்டித்தது. பெரிய குழாய் ஆர்கனின் எல்லா நாதமும் வரும் என்று இனி விளம்பரம் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. கம்பெனிக்கு நஷ்டமா? ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் பேச்சு. விற்பனை தொடர்ந்தது.

'டிங்' வந்தது, சண்டையும் வந்தது

1949-லிருந்து 1954 வரை கம்பெனி விற்றது பி-2, சி-2 மாடல்கள். 1955-ல் பி-3, சி-3 வந்தன. இரண்டுக்கும் உள்ளே சக்கரம், காந்தம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். முக்கியமான வித்தியாசம் அந்த 'டிங்'.

அதற்கு நாலு சுவிட்சு.

முதல் சுவிட்சு: வேணுமா, வேண்டாமா?

இரண்டாவது: சத்தம் மெதுவாகவா, வழக்கம் போலவா?

மூன்றாவது: சீக்கிரம் தேயணுமா, நிதானமாகத் தேயணுமா?

நாலாவது: எந்தச் சுரத்தில் தட்டணும்? நீங்கள் சட்ஜமம் அமுக்கினால், ஒரு பக்கம் போட்டால் மேல் ஸ்தாயி சட்ஜமம் 'டிங்' என்னும். மறுபக்கம் போட்டால் அதற்கும் மேலே உள்ள பஞ்சமம் 'டிங்' என்னும்.

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் ஆளையே மாற்றிவிட்டது. ஜிம்மி ஸ்மித் என்ற அமெரிக்கக் கலைஞர் 1956-ல் புளூ நோட் கம்பெனிக்காக இசைத்தட்டுகள் கொடுக்க ஆரம்பித்தார். தேவாலயத்தில் சாந்தமாக இருந்த வாத்தியம் அவர் கையில் பியானோ மாதிரித் துள்ளியது. ஜாஸ் உலகம் அசந்து நின்றது.

பி-2 வாங்கி ஒரு வருஷம் கூட ஆகாதவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? புது மாடல் ஸ்கூட்டர் வருவதற்கு முந்தின மாதம் பழைய மாடலுக்குப் பணம் கட்டியவரைக் கேட்டுப் பாருங்கள். சொல்வார்!

குடமும் குழாயும்

அந்த 'டிங்' எப்படி வேலை செய்கிறது? ரேடியோ மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு கண்டன்சர். அது மின்சாரம் நிரம்பிய குடம். நீங்கள் முதல் கட்டையை அமுக்கியதும் குழாய் திறக்கிறது. குடம் காலியாகிறது. காலியாகிற வேகத்தில் 'டிங்' தேய்கிறது. குழாய் பெரிசு என்றால் சீக்கிரம் தேயும். சின்னது என்றால் நிதானமாகத் தேயும். மூன்றாவது சுவிட்சு செய்வது இதைத்தான்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். எல்லா விரலையும் எடுத்தால்தான் குழாய் மூடும். குடம் மறுபடி நிரம்பும். ஒரு விரலை வைத்துக்கொண்டே அடுத்த கட்டைக்கு வழுக்கினால் 'டிங்' வராது. ஆர்மோனியத்தில் கையை எடுக்காமல் இழைத்து வாசித்துப் பழகியவர்கள் இதில் திணறிப் போவார்கள். 'டிங்' வேண்டுமானால் விரலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ஜிம்மி ஸ்மித் மாதிரி ஆட்களின் துள்ளலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரு கட்டையின் கீழே ஒன்பது தொடுமுனைகள். ஒவ்வொன்றும் ஓர் இழுகம்பிக்கு உரியது. கடைசி ஒன்பதாவது முனையைத்தான் கம்பெனி 'டிங்'கைத் தூண்டும் விசையாக மாற்றியது. அதனால் பி-3-ல் 'டிங்' போட்டால் ஒன்பதாவது இழுகம்பி ஊமையாகிவிடும். ஒன்று கொடுத்தால் ஒன்று போகும். எந்த வியாபாரத்தில் இல்லை இது?

வெளிக் கடை சரக்கு

வண்டி ஒரு கம்பெனி. பிஸ்டன் வேறு கம்பெனி. இது நம்ம ஊருக்குப் புதுசல்ல. சிம்சன், அமால்கமேஷன்ஸ் தொழில் குழுமத்தைக் கட்டி வளர்த்த எஸ்.அனந்தராமகிருஷ்ணன் இந்த ஆழ்வார்குறிச்சிக்காரர்தான். அவர் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் பிறந்தது. யாரோ செய்த எஞ்சினுக்கு இன்னொருவர் செய்த உறுப்பு உயிர் கொடுப்பது இந்த ஊர் ஆளுக்கு நன்றாகப் புரிந்த தொழில்.

ஆர்கன் உலகத்திலும் அதேதான் நடந்தது. முதல் ஆள் டான் லெஸ்லி. ஹம்மண்டுக்காகவே சுழலும் ஒலிபெருக்கி செய்து 1940-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஹம்மண்டுக்கு அது பிடிக்கவில்லை. ஜனங்களுக்குப் பிடித்தது. இன்று லெஸ்லி பெட்டி இல்லாமல் ஹம்மண்டை நினைக்கவே முடியாது.

அதே வழியில் 'டிங்' பெட்டிகளும் வந்தன. பி-2, சி-2, அதற்கும் முந்திய மாடல்களுக்கு வெளிக் கம்பெனிகள் பெர்கஷன் பெட்டி செய்து விற்றன. அமெரிக்காவின் 'ட்ரெக் டூ' கம்பெனி பெட்டி இதில் பெயர் வாங்கியது. இப்போது அந்தப் பெட்டிகளில் சில பழம்பொருள் ஆகிவிட்டன. பழைய ஆர்கனில் பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து மாட்டுவது சிலருக்குப் பெரிய ஆசை.

வேலை என்னவோ நாலே படிதான்.

1) தூண்டும் விசைக்குத் தொடுமுனைக் கம்பி ஒன்றைப் பிரித்து எடுக்க வேண்டும்.

2) 'டிங்' அடிக்கும் சுரத்தை உரிய கம்பியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும்.

3) பெட்டிக்குக் கரண்டு கொடுக்க வேண்டும்.

4) பெட்டியிலிருந்து வரும் 'டிங்'கை ஆர்கனின் ஆம்ப்ளிபயருக்குள் கலக்க வேண்டும்.

சொல்ல நாலு வரி. செய்தால் நாலு நாள்!

ஏமாறும் இடமும் இதுதான். பார்வைக்கு பி-2-வும் பி-3-யும் இரட்டைப் பிள்ளைகள். பெட்டி மாட்டிய பி-2-வை பி-3 என்று தலையில் கட்டினால் வாங்குகிறவருக்குத் தெரியாது. பெட்டி மாட்டியது குற்றமில்லை. மறைத்து விற்பதுதான் குற்றம். மாடல் தகட்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

தபேலா பெட்டி வேறு

"பெர்கஷன்னா தபேலா, டிரம்மு சத்தந்தானவே?" என்று கடையில் அண்ணாச்சி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது வேறு பெட்டி.

ஆர்கனோடு தாளம் போடும் இயந்திரமும் உண்டு. 1959-ல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனி 'சைட்மேன்' என்று ஒன்று கொண்டு வந்தது. மோட்டார் சுற்ற, தொடுமுனைகள் பட, தாளம் தானே விழும். ஜப்பானில் ககேஹாஷி என்பவரின் ஏஸ்டோன் கம்பெனி 1967-ல் 'ரிதம் ஏஸ்' பெட்டி விற்றது. அவரே 1972-ல் ரோலண்டு கம்பெனி தொடங்கினார். 1980-ல் வந்த அதன் தாளப் பெட்டியை வைத்து பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாகக் கொடுத்தார்.

தாளப் பெட்டி வந்தால் தாளக்காரர் கூலிக்கு ஆபத்து. அந்தக் கவலை எல்லா ஊரிலும் உண்டு. நம்ம பக்கத்துக் கொடை விழா வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டை விழும்போது வருகிற அந்த 'கும்' சத்தத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது.

ஆர்கன் 'டிங்' அப்படி யார் இடத்தையும் பிடுங்கவில்லை. அது வாசிப்பவர் விரலுக்குள்ளேயே அடங்கிய தட்டு. விரல் இல்லாவிட்டால் 'டிங்'கும் இல்லை.

பாபநாசம் கரண்டில் ஆறு கட்டை என்ன ஆகும்?

இப்போது தலைப்புக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பழைய ஹம்மண்டை ஆசை ஆசையாக ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டு வந்து இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளக்கை மாட்டுகிறார். வாசிக்கிறார். என்ன நடக்கும்?

சுருதி விழுந்துவிடும்!

காரணம் அந்தக் கடிகார மோட்டார். அமெரிக்கக் கரண்டு ஒரு வினாடிக்கு 60 சைக்கிள். நம்ம கரண்டு 50 சைக்கிள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1944-ல் ஓட ஆரம்பித்த பாபநாசம் நீர்மின் நிலையமும் இந்த 50 சைக்கிள் கரண்டைத்தான் கொடுக்கிறது. 60-க்காகச் செய்த மோட்டார் 50-ல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். சக்கரம் மெதுவாகும். சுரம் இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? ஆறு கட்டையை அமுக்கினால் நாலரை கட்டைக்கும் ஒரு மயிரிழை கீழே கேட்கும். பாடகர் ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம். கூட நாதசுரம் வாசிப்பவர் எழுந்தே போய்விடுவார்.

"டிரான்ஸ்பார்மர் போட்டாச்சுல்லா, பொறவு என்ன?" என்பார்கள். இங்கேதான் பலரும் தப்பு செய்வது. டிரான்ஸ்பார்மர் வோல்டைத்தான் குறைக்கும். 230-ஐ 115 ஆக்கும். சைக்கிளை மாற்றாது. சைக்கிள் மாற வேண்டுமானால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும். அல்லது 50 சைக்கிளுக்கென்றே கம்பெனி செய்து அனுப்பிய ஆர்கனாக இருக்க வேண்டும்.

50 சைக்கிள் ஆர்கன் என்றாலும் ஒரு காலத்தில் நிம்மதி இல்லை. 1990-களில் தென் மாநிலங்களில் மின் பற்றாக்குறை முற்றிய நேரங்களில் கரண்டின் துடிப்பே 48.5 சைக்கிள் அளவுக்கு இறங்கியது உண்டு. விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஹம்மண்ட் வாசித்தால் காட்டிக் கொடுத்துவிடும். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கும்!

2003-ல் தென் மண்டலத்தில் புதிய மின் கட்டண முறை வந்த பிறகு துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. 2013 டிசம்பர் 31-ல் தென் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து ஆழ்வார்குறிச்சி வீட்டுக் கரண்டும் டெல்லி வீட்டுக் கரண்டும் ஒரே துடிப்பு.

சக்கரம் வைத்த ஆர்கனுக்குத்தான் இந்தத் தொல்லை. பின்னால் வந்த டிரான்சிஸ்டர் ஆர்கனுக்கு இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் இளையராஜா மற்ற இசையமைப்பாளர்களிடம் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தவர். அந்தக் காலத்து மெல்லிசை மேடைகளில் தூக்கிக்கொண்டு அலைந்த சின்ன ஆர்கன்கள் டிரான்சிஸ்டர் ரகம். எந்த ஊர்க் கரண்டிலும் சுருதி மாறாது.

கை வைக்கும் முன்...

பரணிலோ, பழைய பங்களாவிலோ, தேவாலய மூலையிலோ இப்படி ஓர் ஆர்கன் உங்களுக்குக் கிடைத்து, அதற்கு 'டிங்' வைக்க ஆசை வந்தால் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். எத்தனை வோல்ட்? எத்தனை சைக்கிள்? இது தெரியாமல் பிளக்கைத் தொடாதீர்கள்.

* உள்ளே வால்வு ஆம்ப்ளிபயர். சுமார் 300 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளையே முடித்துவிடும். வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

* பழைய வயரில் பெரும்பாலும் எர்த் இருக்காது. முதலில் வயரை மாற்றி எர்த் கொடுங்கள். பெட்டி மாட்டுவது அதற்குப் பிறகு.

* ஆர்கனுக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருஷம் என்று கேளுங்கள். பருத்தி நூல் வழியாக எண்ணெய் இறங்கி ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் போகும்படி வைத்திருக்கிறார்கள். வருஷம் ஒரு தடவை அதற்கென்று உள்ள மெல்லிய எண்ணெய் விட வேண்டும். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் நூல் அடைத்து சக்கரம் இறுகிவிடும். சக்கரம் சுற்றாத ஆர்கனுக்கு 'டிங்' எதற்கு?

* ஓட்டுவதற்கு இரண்டு சுவிட்சு உண்டு. 'ஸ்டார்ட்' சுவிட்சைச் சுமார் எட்டு வினாடி பிடித்துக்கொண்டு, பிறகு 'ரன்' போட வேண்டும். இது தெரியாமல் "ஓடலைய்யா" என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

* எந்தக் கம்பியையும் வெட்டும் முன் படம் எடுங்கள். சீட்டு ஒட்டுங்கள். கழற்றிய உறுப்புகளைப் பையில் போட்டு ஆர்கனுக்குள்ளேயே கட்டி வையுங்கள். நாளைக்கு வேறொருவர் பழையபடி ஆக்க நினைத்தால் வழி இருக்க வேண்டும்.

* 'டிங்' மட்டும்தான் ஆசை என்றால் ஒரு சுலப வழியும் உண்டு. ஹம்மண்ட் கம்பெனி சக்கர ஆர்கன் செய்வதை 1970-களின் நடுவில் நிறுத்திவிட்டது. பெயரை ஜப்பானின் சுசுகி வாத்தியக் கம்பெனி வாங்கியது. இது கார் செய்யும் சுசுகி அல்ல! இன்று மின்னணு கீபோர்டுகள் பலவற்றில் அந்தப் பழைய 'டிங்' ஒரு பொத்தானில் கிடைக்கிறது. எடையும் இல்லை, 300 வோல்ட்டும் இல்லை.

ஆனால் சுற்றும் சக்கரத்தின் சத்தம்தான் வேண்டும், அந்தப் பழைய மரப்பெட்டிதான் வேண்டும் என்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். புது மாடல் வந்ததும் பழசைத் தெருவில் போடாமல், ஒரு பெட்டியை மாட்டி இன்னும் எத்தனையோ வருஷம் வாசித்தவர்கள் அவர்களுக்கு முன்னோடி. ஆசையில் தப்பில்லை. அவசரத்தில்தான் ஆபத்து.

முதலில் கரண்டைப் பாருங்கள். அடுத்து எண்ணெய். அதற்குப் பிறகுதான் 'டிங்'!